பலூன் டயரில் பிறந்த வண்டி

பனி விழத் தொடங்கினால் அமெரிக்காவின் வட மாநிலங்களில் மோட்டார் சைக்கிள் கடைகள் ஈயோட்டத் தொடங்கிவிடும். சாலை உறைந்த பிறகு இரண்டு சக்கரத்தில் ஏற யாருக்கும் மனம் வராது. வசந்தம் வரும்வரை கடைக்காரர் கைக்காசைப் போட்டு வாடகை கட்ட வேண்டியதுதான். 1967-ல் அமெரிக்க ஹோண்டா நிறுவனம் ஜப்பானுக்கு ஒரு கோரிக்கை அனுப்பியது. மோட்டார் சைக்கிள் விற்பனை படுத்துவிடும் மாதங்களில் கடைக்காரர்கள் விற்பதற்கு ஏதாவது ஒரு வண்டி வேண்டும் என்றது. இன்று காடு, மலை, பண்ணை என்று எங்கும் ஓடும் ஏ.டி.வி. (ஆல் டெரெய்ன் வெஹிக்கிள்) இப்படித்தான் கருவானது. வேட்டைக்காரரும் விவசாயியும் பின்னால் வந்து சேர்ந்தவர்கள். இதை முதலில் கேட்டது வாடகைக்குக் கவலைப்பட்ட கடைக்காரருக்காக.

வேலை ஒசாமு தாகெயுச்சி என்ற ஹோண்டா பொறியாளர் கைக்குப் போனது. அவர் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று எல்லாச் சக்கர எண்ணிக்கையிலும் மாதிரி வைத்துப் பார்த்தார். ஐந்து சக்கர வண்டியை நினைத்தாலே சிரிப்பு வருகிறது. ஆனால் இதற்கு முன்மாதிரி என்று காட்ட ஒன்றுமில்லாத நேரம் அது. எதையும் தள்ளிவிட முடியாது. கடைசியில் தேறியது மூன்று. பனியிலும் சேற்றிலும் இரண்டு சக்கரம் வழுக்கிய இடத்தில் மூன்று நின்றது. முன்னால் ஒற்றைச் சக்கரம் என்றால் திருப்புவதற்கு மோட்டார் சைக்கிளின் ஃபோர்க்கே போதும். எடையும் விலையும் அடங்கும். நான்கு சக்கரமும் அந்தப் பட்டியலில் இருந்ததைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கைவிட்ட அந்த நான்குக்கு ஹோண்டா பதினைந்து ஆண்டு கழித்துத் திரும்ப வேண்டியிருந்தது.

சக்கர எண்ணிக்கையைவிடப் பெரிய தலைவலி டயர். மென்மையான தரையில் டயர் மண்ணை அமுக்கும் அழுத்தம், ஏறக்குறைய அதற்குள் இருக்கும் காற்றின் அழுத்தம்தான். பைக் டயரில் 25, 30 பவுண்டு காற்று இருக்கும். அதைப் புதுப்பனியில் விட்டால் கத்தி மாதிரி இறங்கும். அகலமாக, மெத்தென்று, காற்றுக் குறைவாக உள்ள டயர் இருந்தால் அது மேலே மிதந்து போகும். இந்த யோசனை ஹோண்டாவுடையது அன்று. டயர் கம்பெனிகளுடையதும் அன்று. 1930-களில் அலாஸ்காவில் பள்ளி ஆசிரியராக இருந்த வில்லியம் ஆல்பி, அங்குள்ள பூர்வகுடி மக்கள் கனமான படகைக் கரையேற்றுவதைப் பார்த்தார். சீல் தோலைப் பையாகத் தைத்து, ஊதி, உருளையாகக் கீழே போட்டு, அதன்மேல் படகை உருட்டினார்கள். கல்லும் மேடும் பையில் அமுங்கின. படகு குலுங்காமல் மேலேறியது. 1950-களில் ஆல்பி அதையே ரப்பரில் செய்வித்து ‘ரோலிகான்’ என்ற பெயரில் வண்டிகளுக்கு மாட்டினார். ஏ.டி.வி.யின் வம்சாவளியை எழுதுகிறவர்கள் எஞ்சினிலிருந்து தொடங்குவார்கள். என்னைக் கேட்டால் அந்தச் சீல் தோலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1960-களின் தொடக்கத்தில் கனடாவில் ‘ஜைகர்’ என்ற ஆறு சக்கரக் குட்டி வண்டி வந்தது. தொட்டி போன்ற உடல். தரையில் ஓடும், தண்ணீரில் மிதக்கும். கம்பெனி பத்தாண்டு நிலைக்கவில்லை, ஆனால் அதைப் பார்த்துப் பலர் செய்தார்கள். ஒன்டாரியோவில் 1967-ல் பிறந்த ‘ஆர்கோ’ இன்றும் விற்பனையில் இருக்கிறது. சதுப்பில் மூஸ் என்ற பெரிய மானை வேட்டையாடப் போகிறவர்களுக்கு அது ஒரு தனி மதம். அமெரிக்காவில் வந்தது ‘ஆம்பிகேட்’. ‘ஸ்பேஸ்: 1999’ என்ற தொலைக்காட்சித் தொடரில் நிலவில் ஓடும் வண்டியாக வந்ததே, அதுதான். தாகெயுச்சி டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அமெரிக்க ஹோண்டா ஓர் ஆம்பிகேட்டை ஜப்பானுக்கு அனுப்பி வைத்தது. அதன் கொழுத்த பலூன் டயர்களைப் பார்த்ததும் அவருக்கு வழி கிடைத்தது. 22 அங்குல உயரத்தில் சொந்தமாக ஒரு டயரை வடிவமைத்தார். அதில் அடைத்த காற்று 2.2 பவுண்டு.

டயர் பெருத்ததும் அடுத்த சிக்கல் வந்தது. முதல் மாதிரிகளில் இருந்தது எஸ்.டி.70 என்ற பொடி மோட்டார் சைக்கிளின் 70 சிசி எஞ்சின். அத்தனை பெரிய ரப்பரைப் பனியில் உருட்ட அதற்கு மூச்சு போதவில்லை. 89 சிசி, 7 குதிரைத்திறன் எஞ்சினுக்கு மாறினார்கள். சின்னதா, பெரியதா என்று இன்று கடையில் நின்று குழம்புகிற கேள்வி வண்டி பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது பாருங்கள். நம் சாலைகளில் ஓடித் தேய்ந்த ஹீரோ ஹோண்டாக்களின் படுத்த சிலிண்டர் எஞ்சினும் இதைப் போலவே ஹோண்டாவின் ‘சூப்பர் கப்’ மோட்டார் சைக்கிள் வம்சத்தில் வந்ததுதான். ஆகையால் இந்த அமெரிக்கக் குளிர்கால விளையாட்டு வண்டி நமக்குத் தூரத்து உறவுமுறை.

1970-ல் அது ‘யு.எஸ்.90’ என்ற பெயரில் கடைக்கு வந்தது, பிறகு ‘ஏ.டி.சி.90’ ஆனது. விலை 595 டாலர். ஸ்பிரிங் கிடையாது, ஷாக் அப்சார்பர் கிடையாது. குலுக்கலை வாங்கிக்கொள்வது டயரின் பொறுப்பு. நான்கு கியர், ஆனால் கிளட்ச் லீவர் இல்லை. ஹேண்டில்பாரைக் கழற்றி மடக்கிக் காரின் பின்பெட்டியில் போட்டுக்கொள்ளலாம். இதைக் கவனிக்க வேண்டும். அன்றைய ஏ.டி.வி.யை ஏற்றிச்செல்ல டிரெய்லர் வேண்டாம், பிக்கப் வேண்டாம். இரண்டு பேர் தூக்கிக் காரில் வைக்கலாம். குறையும் இருந்தது. தொடக்க டயர்களுக்குள் துணி வரிசை இல்லை. வெட்டிய தண்டோ கூரான கல்லோ குத்தினால் கதை முடிந்தது. 1975-ல் துணி வலுவூட்டிய டயரும் இரும்பு ஹப்பும் வந்த பிறகுதான் அந்தத் தொல்லை குறைந்தது.

1971-ல் வந்த ‘டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்’ படத்தில் ஜேம்ஸ் பாண்ட் துரத்தலில் இந்த வண்டி மணலில் ஓடியது. அதைவிட நல்ல விளம்பரம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. குளிர்காலத்துக்கென்று கேட்டுச் செய்த வண்டி கலிஃபோர்னியாவின் மணல் மேடுகளில் கோடையில் பறந்தது. பத்தாண்டு காலம் இது விளையாட்டு வண்டி, வேறொன்றுமில்லை.

வேட்டைக்காரர் உள்ளே வந்தது எப்படி? மானைச் சுடுவது எளிய பாதி. மீதிப் பாதி, அதைச் சாலைக்குக் கொண்டுவருவது. வெண்வால் மான் ஒன்றைக் குடல் நீக்கியபின் கொம்பைப் பிடித்து இழுத்து வரலாம். இரண்டு கிலோமீட்டர் இழுத்தவர்கள் அடுத்த வருடம் யோசிப்பார்கள். ராக்கி மலையின் எல்க் மான் இழுக்கிற சரக்கே அல்ல. வளர்ந்த கலை உயிரோடு 300 கிலோவைத் தாண்டும். அதைத் துண்டாக்கினால் ஒரு பின்தொடையே 30 கிலோ வரும். அலாஸ்காவிலும் கனடாவிலும் உள்ள மூஸ் அதையும் தாண்டியது. முன்பு இதற்குக் குதிரையும் கோவேறு கழுதையும் இருந்தன. ஆனால் அவற்றுக்கு வருடம் முழுக்கத் தீனி போட வேண்டும். ஏ.டி.சி.யின் பின்னால் கயிற்றைக் கட்டிப் பார்த்தவர்கள் இது ஓடும்போது மட்டும் தின்கிற கழுதை என்று கண்டுகொண்டார்கள்.

ஹோண்டா அதைக் கவனித்தது. 1982-ல் ‘பிக் ரெட்’ என்ற ஏ.டி.சி.200ஈ வந்தது. பொருள் வைக்கக் கேரியர், பட்டன் அமுக்கினால் ஸ்டார்ட். பார்வைக்குப் பழைய மூன்று சக்கரம்தான், ஆனால் இது வேலைக்காரன். வேட்டைக்கும் பண்ணைக்கும் என்றே பெரிதாக்கிய முதல் ஏ.டி.வி. எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். விற்பனை தலைகால் தெரியாமல் ஏறியது. 1984-ல் ஹோண்டா ஒரே ஆண்டில் 3,70,000-க்கு மேல் ஏ.டி.சி.க்களை விற்றது.

மூன்று சக்கரத்தின் கணக்கு அப்போதுதான் தீரத் தொடங்கியது. மூன்று புள்ளிகளை இணைத்தால் முக்கோணம். வண்டியும் ஆளும் சேர்ந்த எடை அந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை வண்டி நிற்கும். வேகமாகத் திருப்பினால் எடை முன்பக்க மூலையைத் தாண்டி வெளியே சாயும். அங்கே தாங்குவதற்குச் சக்கரம் இல்லை. இதோடு பின் அச்சு ஒரே தண்டு, டிஃபரன்ஷியல் கிடையாது. திருப்பத்தில் உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுழலும். ஆகவே வண்டி நேரே போகவே பார்க்கும். அதைத் திருப்ப ஓட்டுபவர் உடம்பை நகர்த்தி உள்சக்கரத்தின் பாரத்தைக் குறைக்க வேண்டும். அந்த நீள இருக்கை இரண்டாம் ஆளுக்கு என்று பலர் இன்றும் நினைக்கிறார்கள். அது ஒருவர் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்வதற்காக வைத்தது. மோட்டார் சைக்கிள் பழகியவர்களுக்கு இன்னொரு ஆபத்து காத்திருந்தது. வண்டி சாய்ந்தால் பழக்கத்தில் காலை ஊன்றுவார்கள். பின் டயர் அந்தக் காலின்மேல் ஏறிவிடும்.

70 கிலோ ஆள் உடம்பைச் சாய்த்தால் வண்டி கேட்கும். 35 கிலோ பையன் சாய்ந்தால் கேட்காது. பெற்றோர் வாங்கிக் கொடுத்தது பெரும்பாலும் பையன்களுக்குத்தான். வண்டி பார்க்கப் பொம்மை மாதிரி இருந்ததே வினையாயிற்று. சாவும் எலும்பு முறிவும் ஆண்டுக்காண்டு ஏறின. 1985-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தது. 1987 டிசம்பரில் அரசு, நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் சார்பில் வழக்குத் தொடுத்தது. 1988 ஏப்ரலில் ஹோண்டா, யமஹா, சுசுகி, கவாசாகி, பொலாரிஸ் ஐந்தும் பத்தாண்டு உடன்பாட்டுக்கு வந்தன. புதிய மூன்று சக்கர வண்டி விற்பதில்லை, வாங்குகிறவர்களுக்குப் பயிற்சி, 90 சிசிக்கு மேற்பட்டது 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இல்லை. 2008-ல் புதிய மூன்று சக்கர வண்டிகளுக்கான தடையைச் சட்டமே எழுதிவிட்டது. அந்த உடன்பாட்டில், எந்த வயதுக்கு எந்த அளவு வண்டி என்பது காகிதத்தில் ஏறியது.

நான்கு சக்கரம் வழக்கினால் வந்தது என்று ஒரு பேச்சு உண்டு. தேதிகள் அப்படிச் சொல்லவில்லை. 1982-லேயே சுசுகி ‘குவாட்ரன்னர்’ எல்.டி.125-ஐக் கொண்டுவந்துவிட்டது. 125 சிசிதான், ஆனால் ஐந்து கியரோடு மூன்று வேக வரிசை. அதில் ஒன்று ஆமை வரிசை. பின்னால் போகும் கியரும் உண்டு. முதல் நான்கு சக்கர ஏ.டி.வி. இன்றைய கணக்கில் பொடிசு என்பதைப் பெரிய எஞ்சின் பிரியர்கள் மறந்துவிடுகிறார்கள். பலத்தை அது சிசியில் தேடவில்லை, கியரில் தேடியது. 1985-ல் மினசோட்டாவின் ரோசோ ஊரிலிருந்து பொலாரிஸ் ‘டிரெயில் பாஸ்’ வந்தது. பனிச்சறுக்கு வண்டி செய்து வளர்ந்த கம்பெனி அது. அந்த வண்டிகளின் பெல்ட் முறையை அப்படியே இதில் வைத்தது. நம் ஸ்கூட்டர்களில் இருக்கும் அதே ஏற்பாடு. கியர் மாற்ற வேண்டாம், முறுக்கினால் போகும். 1986-ல் ஹோண்டா 350 சிசியில் நான்கு சக்கரமும் இழுக்கும் ‘ஃபோர்டிராக்ஸ்’ தந்தது. சேற்றில் முன் சக்கரமும் இழுப்பதைக் கண்ட வேட்டைக்காரர்கள் அதன்பின் பழையதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

1988-ல் வந்த ஃபோர்டிராக்ஸ் 300 பல ஆண்டு கொடிகட்டிப் பறந்தது. இன்றும் முப்பது வயதைத் தாண்டிய 300-கள் பண்ணைக் கொட்டகைகளில் கிடக்கின்றன. பேட்டரி மாற்றினால் கிளம்புகின்றன. கதை இந்த இடத்தில் நின்றிருக்கலாம் என்பது என் கட்சி. நிற்கவில்லை. 1996-ல் பொலாரிஸ் ‘ஸ்போர்ட்ஸ்மேன் 500’-ல் பின் சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் வைத்தது. உட்கார்ந்து ஓட்டச் சுகம்; ஆனால் எடை ஏறியது. எடை ஏறியதால் எஞ்சின் பெருத்தது. எஞ்சின் பெருத்ததால் எடை இன்னும் ஏறியது. 2002-ல் கவாசாகி இரட்டை சிலிண்டர் 650-ஐ இறக்கியது. 2006-ல் கேன்-ஆம் 800-க்குப் போனது. சில ஆண்டுகளில் 1000 வந்துவிட்டது. தாகெயுச்சியின் முதல் வண்டியைப் போலப் பதினோரு மடங்கு எஞ்சின். வேட்டைக் காட்டில் மானும் வளரவில்லை, பாதையும் அகலவில்லை.

இடையில் இன்னொரு கிளை பிரிந்தது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்டியரிங் பிடித்து, தலைக்குமேல் இரும்புக் கூண்டோடு போவது. கவாசாகி ‘மியூல்’ 1988-லேயே பண்ணைகளில் ஓடியது. 1998-ல் பொலாரிஸ் ‘ரேஞ்சர்’, அதன்பின் யமஹாவின் ‘ரைனோ’. ஆனால் காட்டுப் பாதையில் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. அமெரிக்க வனத்துறையின் பல பாதைகள் 50 அங்குலத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மட்டுமே. நுழைவில் இரும்புத் தடுப்பே அந்த அகலத்துக்கு வைத்திருப்பார்கள். பொலாரிஸ் 2007-ல் ‘ரேஸர்’ வண்டியைச் சரியாக 50 அங்குலத்துக்கு வெட்டிச் செய்தது. காட்டு இலாகாவின் ஓர் அளவுகோல் ஒரு கம்பெனியின் வரைபட மேசையில் போய் உட்கார்ந்த கதை இது. பெரிய வண்டி வாங்க ஆசைப்படுகிறவர் முதலில் தன் காட்டின் தடுப்பு அகலத்தை விசாரிக்க வேண்டும். ஸ்பெக்கில் போட்டிருக்கும் குதிரைத்திறன் அந்தத் தடுப்பில் உதவாது.

சட்டம் வேறு வழியிலும் அளவைத் தீர்மானித்தது. 1972-ல் ஜனாதிபதி நிக்சன் பொது நிலங்களில் இவ்வகை வண்டிகளைக் கட்டுப்படுத்த ஆணையிட்டார். 2005-ல் வனத்துறை, வரைபடத்தில் குறித்த பாதையில் மட்டுமே வண்டி ஓடலாம் என்றது. பெரும்பாலான மாநிலங்களில் வண்டிமேல் இருந்தபடி சுடவும் கூடாது. அப்படியானால் வேட்டையில் ஏ.டி.வி.யின் வேலை என்ன? முகாமிலிருந்து பாதை முடியுமிடம் வரை ஆளைக் கொண்டுபோவது. மாலையில் சுமையைக் கொண்டுவருவது. நடுவில் இருப்பது நடைதான். மான் காதுக்கு 1000 சிசியும் 250 சிசியும் ஒன்றே; இரண்டையும் நிறுத்திவிட்டு நடக்கிறவனுக்குத்தான் மான் நிற்கும். நம் நாட்டில் 1972-ன் வனவிலங்குச் சட்டம் வேட்டையை மூடிவிட்டதால், நாம் இந்த வண்டியைக் கடற்கரை ரிசார்ட்டுகளில் வட்டம் அடிக்கும் குவாட் பைக்காக மட்டும் அறிவோம். அதனாலோ என்னவோ இதைப் பொம்மையாகவே நினைக்கிறோம். 1980-களில் அமெரிக்கப் பெற்றோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

அளவுக் கணக்குக்கு வருவோம். ஹோண்டா ‘ரீகான் 250’ இரண்டு சக்கர இழுவை. எடை 200 கிலோ சுமார். முன் கேரியரில் 30 கிலோ, பின்னால் 60 கிலோ வைக்கலாம். ‘ரான்ச்சர் 420’ நான்கு சக்கர இழுவையில் 300 கிலோவுக்குக் கீழே நிற்கும். கேரியர் 45-ம் 85-ம். 850, 1000 சிசி வண்டிகள் 350 கிலோவை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். வின்ச், பெட்ரோல், துப்பாக்கிப் பெட்டி எல்லாம் சேர்த்தால் இன்னும் மேலே. இப்போது கவனியுங்கள். 420-ஐவிட 1000-த்தின் எஞ்சின் இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் கேரியர் தாங்கும் பாரம் இரண்டு மடங்கு ஆகவில்லை, பல மாடல்களில் அருகருகேதான் இருக்கிறது. கூடுதல் எஞ்சின் கூடுதல் மானைத் தூக்காது. அது வேகத்துக்கும் கனமான டிரெய்லரை இழுக்கவும் பனி தள்ளவும் இரண்டு ஆள் அமரும் நீள மாடலுக்கும் உதவும்.

மாட்டிக்கொள்ளும்போதுதான் எடையின் உண்மை தெரியும். 200 கிலோ வண்டி சேற்றில் அமிழ்ந்தால், இறங்கி, முன்பக்கத்தை ஒரு தடவை, பின்பக்கத்தை ஒரு தடவை என்று நகர்த்தி ஒற்றை ஆளாக வெளியே எடுத்துவிடலாம். 370 கிலோ வண்டிக்கு வின்ச் வேண்டும். வின்ச்சுக்கு மரம் வேண்டும். சதுப்பு நடுவில் மரம் இருக்காது. பெரிய வண்டி மாட்டவே மாட்டாது என்பார்கள். உண்மையில் அது மாட்டும் இடம் இன்னும் உள்ளே தள்ளி இருக்கும், அவ்வளவுதான். எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். சரளைக்கல் மேட்டில் இரண்டு சக்கர இழுவை 250-ஐ, பின்னால் எல்க் தொடையைக் கட்டிக்கொண்டு ஏற்றிப் பார்த்தவர்கள் முன் சக்கரம் வானத்தைப் பார்ப்பதைக் கண்டிருப்பார்கள். அந்த வேலைக்கு அது போதாது. ஆறு அடி உயரம், 110 கிலோ உடம்புள்ளவர் அதில் நாள் முழுக்க மடங்கி உட்கார்ந்தால் மறுநாள் இடுப்பு பேசும்.

கேரியரில் கட்டுவதை எல்லாரும் சாதாரணமாக நினைக்கிறார்கள். கேரியர் இருக்கைக்கு அருகே, உயரத்தில் இருக்கிறது. அங்கே 80 கிலோ வைத்தால் வண்டியின் பாரமே மேலே ஏறிவிடும், சாய்வில் உருளும். அதே சுமையைத் தாழ்வான டிரெய்லரில் வைத்து இழுத்தால் சின்ன வண்டியும் பத்திரமாகக் கொண்டுவரும். கனமான வண்டி உருண்டு மேலே விழுந்தால் ஓட்டியவர் அடியிலிருந்து வெளிவர முடிவதில்லை. பண்ணைகளில் இப்படிப் பலர் இறந்ததால் ஆஸ்திரேலியா 2021 அக்டோபரிலிருந்து புதிதாக விற்பனைக்கு வரும் பொதுப் பயன்பாட்டு குவாட் பைக் ஒவ்வொன்றிலும் ஆளைக் காக்கும் இரும்பு வளைவு இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. ஹோண்டாவும் யமஹாவும் அங்கே அவ்வகைக் குவாட் விற்பதையே நிறுத்திவிட்டன. யார் பக்கம் நியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை: உருளும் வண்டிக்கு வளைவு போடச் சொல்வது அதிகப்படி அன்று. ஆனால் வளைவை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதில் கம்பெனிகளுக்கும் அரசுக்கும் சண்டை ஓயவில்லை.

ஆக, ஒன்டாரியோவிலோ மினசோட்டாவிலோ குடியிருந்து, நண்பர்களோடு காட்டுக்குப் போகத் தொடங்கி, இந்தச் சீசனில் வண்டி வாங்க நினைக்கும் வாசகருக்கு என் தீர்ப்பு இது. வெண்வால் மானும் ஒடுங்கிய பாதையும் என்றால் 300-க்கும் 450 சிசிக்கும் நடுவே, நான்கு சக்கர இழுவையோடு, ஒன்றை வாங்குங்கள். மிச்சக் காசில் ஒரு தாழ்வான டிரெய்லரும் ஹெல்மெட்டும் பயிற்சி வகுப்பும். தட்டை நிலமும் தனி ஆளும் என்றால் 250 போதும், பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. எல்க், மூஸ், நெடுந்தூரச் செங்குத்து, குளிரில் பனி தள்ளும் வேலை என்றால் மட்டும் 500-க்கு மேலே பாருங்கள். சதுப்பில் மூஸ் என்றால் ஆர்கோவுக்குப் போங்கள், இந்தப் பேச்சே வேண்டாம். வீட்டில் பதினாறு ஆகாத பிள்ளை இருந்தால் சாவியை உங்கள் பையிலேயே வைத்திருங்கள். அவனுக்கு அவன் அளவில் ஒன்று விற்கிறார்கள். கடையில் கையெழுத்துப் போடும் முன் எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, வண்டியைத் தனியாகச் சரிவில் மேலே தள்ளிப் பாருங்கள். அசையவில்லை என்றால் அதைவிடச் சின்னதைக் காட்டச் சொல்லுங்கள்.